நீலகிரியில் டாங்கி விளையாட்டு: பள்ளிக் கணினியும் டிவி கேம் கேசட்டும்

டாங்கி விளையாட்டு என்பது, பீரங்கி பொருத்திய வண்டியை ஓட்டி எதிரி வண்டிகளைச் சுட்டு வீழ்த்தும் கணினி விளையாட்டுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடையே வழங்கிய பெயர். 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் 'டிவி கேம்' எனப்பட்ட கருவிகளின் வழியாக இது வீடுகளுக்குள் வந்தது. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'பேட்டில் சிட்டி'யும், அதை அனுமதியின்றித் திருத்தி உருவாக்கிய 'டேங்க் 1990'உம் பெரும்பாலும் இப்பெயரால் குறிக்கப்பட்டன.

இக்கட்டுரை அவ்விளையாட்டின் பிறப்பையும், அது நீலகிரி மாவட்டத்து ஊர்களுக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கும் வந்து சேர்ந்த வழியையும் கூறுகிறது. அதே காலத்தில் அரசுத் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு வந்த கணினியும் இதில் இடம்பெறுகிறது. காரணம், இரண்டின் உள்ளேயும் இருந்தது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நுண்செயலி. இவ்விரண்டும் வந்த ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் கணித ஆசிரியராக இருந்தவன் என்பதால், நேரில் கண்ட சிலவற்றையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.

முன்னோடிகள்

காசு போட்டு ஆடும் எந்திரங்களில்தான் டாங்கி முதலில் வந்தது. அமெரிக்காவின் கீ கேம்ஸ் நிறுவனம் 1974இல் 'டேங்க்' என்ற எந்திரத்தை வெளியிட்டது. கீ கேம்ஸ், அட்டாரி நிறுவனம் தன் பெயரை மறைத்து நடத்திய நிறுவனம். போட்டியாளர்போல் காட்டிக்கொண்டு இரு வழியிலும் விற்றார்கள். 'டேங்க்' எந்திரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. உண்மையான டாங்கியின் இடது சங்கிலிப்பட்டைக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டையும் முன்னே தள்ளினால் வண்டி நேராகப் போகும், ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும்.

1977இல் அட்டாரி தன் வீட்டு விளையாட்டுக் கருவியோடு 'காம்பாட்' என்ற கார்ட்ரிட்ஜைச் சேர்த்தே விற்றது. டாங்கிகளும் விமானங்களுமாக 27 வகை ஆட்டங்கள் அதில் இருந்தன. அத்தனையும் 2 கிலோபைட்டுக்குள் அடங்கின. இந்தக் கட்டுரையின் எழுத்துகளைக்கூட அந்த இடத்தில் சேமிக்க முடியாது.

1980இல் அட்டாரியின் எட் ராட்பெர்க் உருவாக்கிய 'பேட்டில்சோன்' வேறு வழியில் சென்றது. டாங்கிக்குள் உட்கார்ந்து பெரிஸ்கோப் வழியாகப் பார்ப்பதுபோல், பச்சைக் கோடுகளால் ஆன முப்பரிமாணக் காட்சி. தொலைவில் மலைகள், அவற்றில் ஓர் எரிமலை. அமெரிக்க ராணுவத்தினர் இதைக் கண்டு, தங்கள் பிராட்லி கவச வண்டிச் சுடுநர்களுக்குப் பயிற்சி தர ஒரு தனி வடிவம் கேட்டனர். விளையாட்டுக்காகச் செய்தது போருக்குப் பயன்படுவதில் ராட்பெர்க்குக்கு விருப்பமில்லை. ஆயினும் அந்த வடிவத்தை அவரே செய்து கொடுக்க நேர்ந்தது.

வீட்டுக் கணினிகள் பரவியபோது இந்த இரண்டு வகையும், அதாவது மேலிருந்து பார்ப்பதும் உள்ளிருந்து பார்ப்பதும், அவற்றிலும் இடம்பிடித்தன. பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு 'ராமெல்ஸ் ரிவெஞ்ச்', '3டி டேங்க் டூயல்' போன்றவை வந்தன. டாங்கியோடு நிற்காமல், துப்பாக்கி பொருத்திய கார்களை ஓட்டும் 'ஸ்பை ஹன்டர்' 1983இலும், 'ஆட்டோடூயல்' 1985இலும் வெளியாயின. இந்தியாவிலும் 1980களின் பிற்பகுதியில் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் கணினியை 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் விற்றது. பாட்டு கேட்கும் டேப் ரெக்கார்டரையே அதில் இணைத்து, ஒலிநாடாவிலிருந்து நிரலை ஏற்றுவார்கள். பெருநகரங்களில் சில வீடுகள் அதைக் கண்டிருக்கலாம். எங்கள் மலையில் எந்த வீட்டிலும் நான் கண்டதில்லை.

பேட்டில் சிட்டி

நாம்கோ 1980இல் 'டேங்க் பட்டாலியன்' என்ற எந்திர விளையாட்டை வெளியிட்டிருந்தது. செங்கல் சுவர்கள் நிறைந்த களம், கீழே காக்க வேண்டிய தலைமையிடம், மேலிருந்து இறங்கும் எதிரி டாங்கிகள் என்ற அமைப்பு அதிலேயே உண்டு. அதை விரிவாக்கி, நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக 1985 செப்டம்பர் 9 அன்று வெளியிட்டதே 'பேட்டில் சிட்டி'. நான்கு நாள் கழித்து அதே கருவிக்கு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வந்தது. உலகம் மாரியோவைத்தான் கொண்டாடியது. ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் டாங்கியையும் மாரியோவையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

களம் 13 கட்டம் அகலம், 13 கட்டம் உயரம். கீழ் வரிசையின் நடுவில் ஒரு கழுகுச் சின்னம் இருக்கும், சுற்றிலும் செங்கல் சுவர். அதுதான் தலைமையிடம். கழுகின் மேல் ஒரு குண்டு பட்டாலும் ஆட்டம் முடிந்தது. எதிரி சுட்டாலும் சரி, நாமே தவறிச் சுட்டாலும் சரி. ஒவ்வொரு கட்டத்திலும் 20 எதிரி டாங்கிகள் வரும். அவை நான்கு வகை: சாதாரணமானது, வேகமாக ஓடுவது, வேகமாகச் சுடுவது, நான்கு குண்டு பட்டால்தான் அழிவது. மொத்தம் 35 கட்டங்கள்.

செங்கல் சுவர் குண்டு படப் படப் பெயர்ந்துபோகும். இரும்புச் சுவர் பெயராது. நட்சத்திரங்களை எடுத்து வண்டியை முழுதாக வலுப்படுத்தியவரே அதை உடைக்க முடியும். நீரைக் கடக்க இயலாது, ஆனால் குண்டு அதைத் தாண்டிப் போகும். பனித்தளத்தில் வண்டி வழுக்கும். பச்சைப் புதரில் நுழைந்தால் வண்டி மறைந்துவிடும். இந்தப் புதரை எங்கள் பிள்ளைகள் 'தேயிலை' என்றுதான் சொன்னார்கள். "தேயிலைக்குள்ள நிக்கறான், சுடு" என்று ஒருவன் கத்துவது வீதிவரை கேட்கும்.

இருவர் சேர்ந்து ஆடுவதுதான் இதன் உயிர். மஞ்சள் வண்டி ஒருவருக்கு, பச்சை வண்டி மற்றவருக்கு. ஒருவர் குண்டு மற்றவர் மேல் பட்டால் சாவு இல்லை, சிறிது நேரம் அவர் அசையாமல் நின்றுவிடுவார். அந்தச் சிறிது நேரத்தில் எதிரி வந்து முடித்துவிடுவான். அண்ணன் தம்பிச் சண்டைகளுக்கு இதைவிட நல்ல காரணம் அந்நாளில் கிடைத்திருக்காது. ஒருவர் முன்னேறித் தாக்கவேண்டும், ஒருவர் கழுகருகே நிற்கவேண்டும் என்ற வேலைப் பங்கீடு இல்லாமல் பின்கட்டங்களைத் தாண்டுவது கடினம். போட்டி விளையாட்டாகத் தொடங்கிய டாங்கி, இங்கே கூட்டு விளையாட்டாக மாறியது.

முழு விளையாட்டும் 24 கிலோபைட்டு: நிரலுக்கு 16, படங்களுக்கு 8. இதற்குள்ளேயே, ஆடுபவரே புதுக்களம் வரையும் வசதி ஒன்றையும் வைத்தார்கள். அதைப்பற்றிப் பின்னர்.

பள்ளிக்கு வந்த கணினி

1984-85ஆம் கல்வியாண்டில் மத்திய அரசின் கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் சேர்ந்து, பள்ளிகளில் கணினி எழுத்தறிவைப் பரப்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 'கிளாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டம் முதலில் சுமார் 250 பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமமான என்சிஇஆர்டிக்கு இதில் முக்கியப் பங்கு இருந்தது. இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் உருவாக்கிய பிபிசி மைக்ரோ. நாளடைவில் ஏறத்தாழ 12,000 கணினிகள் மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்குப் போயின.

பிபிசி மைக்ரோவுக்கு இங்கிலாந்தில் நல்ல விளையாட்டுகளும் இருந்தன. 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு மாணவர்கள் அதற்காக எழுதிய 'எலைட்', ஆயுதம் தாங்கிய விண்கலத்தை ஓட்டி வணிகமும் போரும் செய்யும் ஆட்டம். 32 கிலோபைட்டு நினைவகத்தில் எட்டு விண்மீன் மண்டலங்களை அடக்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வந்து சேரவில்லை.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இக்கணினி வந்து இறங்கியபோது அதற்கென ஓர் அறை ஒதுக்கினோம். திரைச்சீலை, செருப்பைக் கழற்றி வைக்க ஒரு பலகை, பெரிய பூட்டு. மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறுவதால் கருவியைத் துணிபோட்டு மூடி வைத்தோம். குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் சாவி அலுவலகத்தில் தொங்கியது. ஆய்வாளர் வரும் நாளில் அறை திறக்கப்படும். கருவிக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்ற பயம்தான் எல்லோருக்கும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைகளில் பலர் அதன் விசை ஒன்றைக்கூடத் தொடாமலே சென்றார்கள்.

வீட்டுக்கு வந்த கேசட்

பூட்டிய அறையில் இருந்த பிபிசி மைக்ரோவின் நுண்செயலி 6502. அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் சக் பெடில் குழுவினர் 1975இல் உருவாக்கியது. மற்ற நிறுவனங்களின் நுண்செயலிகள் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்றபோது இதை 25 டாலருக்குக் கொடுத்தார்கள். ஆப்பிள் 2 கணினிக்குள் சென்றதும் இதுவே. 1983இல் நின்டெண்டோ ஃபேமிகாமை உருவாக்கியபோது, ரிக்கோ நிறுவனம் இதே நுண்செயலியில் பதின்ம எண் கணக்கீட்டுப் பகுதியை நீக்கி, ஒலியெழுப்பும் சுற்றுகளைச் சேர்த்துத் தயாரித்துக் கொடுத்தது. பிபிசி மைக்ரோவில் அது நொடிக்கு 20 லட்சம் துடிப்பு வேகத்தில் ஓடியது, ஃபேமிகாமில் சுமார் 18 லட்சம். இரண்டுக்கும் தலைமுறை வேறுபாடு எதுவும் இல்லை.

ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் நகல்கள் செய்யப்பட்டன. பல சில்லுகளாக இருந்ததை ஒரே சில்லாக்கி, கறுப்புப் பிசின் சொட்டு ஒன்றின் அடியில் மூடிவிட்டார்கள். விலை மளமளவென்று இறங்கியது. ரஷ்யாவில் இது 'டெண்டி' ஆனது. இந்தியாவில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் விற்றது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் வரத்து பெருகியது. சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இவற்றுக்குப் பெயர்போனவை. எங்களுக்குக் கோயம்புத்தூர்தான் வாசல். மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் பேருந்தில், தீபாவளித் துணிமணிகளோடு இந்தப் பெட்டியும் ஏறும்.

விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜைத் தமிழ்ப் பிள்ளைகள் 'கேசட்' என்றே அழைத்தார்கள். பாட்டுக் கேசட்டைப்போலச் செருகுவதால் வந்த பெயர். ஆடாவிட்டால் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகுவார்கள். '9999 இன் 1' என்று அட்டையில் இருக்கும் கேசட்டில் உண்மையில் இருப்பவை சில ஆட்டங்களே. அவற்றையே வேறுவேறு பெயரில், வேறுவேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். 24 கிலோபைட்டே கொண்ட டாங்கி அத்தகைய கேசட்டுகளுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. சிறியது, எளிதில் பிரதியெடுக்கக்கூடியது, எந்த மொழியும் தெரியாமல் ஆடக்கூடியது. ஜீப்பை ஓட்டிச் சென்று கைதிகளை மீட்கும் கொனாமியின் 'ஜாக்கல்' ஆட்டமும் சில கேசட்டுகளில் இருந்தது. அதை 'ஜீப்' என்றே கேட்டு வாங்குவார்கள்.

தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு இது வரச் சில ஆண்டுகள் பிடித்தன. தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால்தானே கருவி? 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளில் பல ஊர்களில் வாழ்கின்றன. அங்கே பெட்டி உள்ள ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். உயிர் போனால் அடுத்தவனுக்குக் கைப்பிடி. 2006 செப்டம்பரில் மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. வீட்டுக்கொரு பெட்டி வந்தது, அதோடு இணைக்கச் சந்தைக்கடையில் மலிவுக் கருவியும் வந்தது.

இவற்றில் ஒரு வகை, விசைப்பலகை வடிவில் இருந்தது. அதைக் 'கம்ப்யூட்டர்' என்றே விற்றார்கள். ஒரு கேசட்டில் தட்டச்சுப் பயிற்சி, கணக்கு, பேசிக் மொழி, இன்னொன்றில் டாங்கி. பெற்றோர் முதலாவதற்காக வாங்கினார்கள், பிள்ளைகள் இரண்டாவதற்காக வாங்கவைத்தார்கள். ஏமாற்று என்று அதை ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் பேசிக் மொழி உண்மையாகவே அதில் ஓடியது. பூட்டிய அறையில் நாங்கள் கற்பிக்கவேண்டியிருந்ததும் அதே மொழிதான். 2000களின் இறுதியில் 'பிளேபவர்' என்ற ஆய்வுக்குழு, இத்தகைய மலிவு விசைப்பலகைக் கருவிகளுக்கே கல்வி விளையாட்டுகள் எழுத முயன்றது.

கிராப் நோட்டில் வரைந்த களங்கள்

'பேட்டில் சிட்டி'யின் தொடக்கத் திரையில் ஒருவர், இருவர் என்ற தேர்வுகளுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் வெறுங்களம் ஒன்று திறக்கும். எங்கே செங்கல், எங்கே இரும்பு, எங்கே நீர் என்று ஆடுபவரே அமைத்து, அதில் ஆடலாம். ஒரே குறை, கருவியை அணைத்தால் வரைந்தது அழிந்துவிடும். சேமிக்கும் வசதி இல்லை. ஆடி மாதக் காற்றில் மின்கம்பியில் மரம் விழுந்து கரண்ட் போகாத நாள் குறைவு என்ற ஊரில் இது சிறிய குறையன்று.

1990களின் பிற்பகுதியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கணித நோட்டைத் திருத்தும்போது, பின்பக்கத்தில் கிராப் தாள்கள் செருகியிருப்பதைக் கண்டேன். சதுரம் சதுரமாக வண்ணம் தீட்டியிருந்தான். ஓரத்தில் ஒன்றுமுதல் எண்கள், மேலே ஆங்கில எழுத்துகள். ஆயத்தொலைகளை அவன் தேர்வில் தவறாகத்தான் எழுதியிருந்தான். தாளை வீணாக்கியதற்குத் திட்டி, கிழித்துக் குப்பையில் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அது டாங்கிக் களம் என்பது எனக்குப் பல மாதம் கழித்து, ஓர் உறவினர் வீட்டில் அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கரண்ட் போனாலும் அழியாமல் இருக்க அவன் தாளில் எடுத்து வைத்திருந்தான். குறுக்கே எத்தனை கட்டம் என்று உறவினர் பையனிடம் எண்ணிச் சொல்லச் சொன்னேன், 13 என்றான். ஒற்றைப்படை எண்ணாக இருப்பதால்தான் கழுகு சரியாக நடுவில் நிற்கிறது என்பதையும் அவனே சொன்னான். மறுவாரம் முதல் ஆயத்தொலைப் பாடத்தை அந்தக் களத்தை வைத்தே நடத்தினேன். "கழுகு எங்கே?" என்று கேட்டால் வகுப்பு முழுதும் (7, 1) என்று கத்தும். கிழித்த தாள்களைத் திருப்பித் தர வழியில்லை. அந்த மாணவனிடம் புதிய கிராப் நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் அதில் களம் எதுவும் வரைந்து என்னிடம் காட்டவில்லை.

போர் விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்குமா என்ற கேள்வி ஆசிரியர் அறையில் அடிக்கடி வரும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் பணிகள் கல்லூரியும் இருக்கின்றன. அருவங்காட்டில் நூறாண்டு தாண்டிய வெடிமருந்துத் தொழிற்சாலை. குன்னூர்ப் பிள்ளைகளுக்குச் சீருடையும் ராணுவ வண்டியும் தெருக்காட்சிதான். கேசட் வந்துதான் அவர்களுக்குப் போரை அறிமுகப்படுத்தவேண்டும் என்றில்லை. டாங்கிப் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற தந்தை ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னது நினைவிருக்கிறது: "உள்ள உக்காந்தா இப்படி மேலேருந்து எல்லாம் தெரியாதுங்க சார். ஒரு துண்டுதான் தெரியும். மீதி சத்தம்தான்." மகன் டாங்கி ஆடுவதை அவர் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் இல்லை.

அழிக்கப்பட்ட பெயர்

'டேங்க் 1990' உருவாக்கியவர்கள் புதிய ஆயுதங்களையும் நீரைக் கடக்கும் படகையும் சேர்த்தார்கள். கூடவே தொடக்கத் திரையிலிருந்து நாம்கோவின் பெயரை நீக்கினார்கள். கேசட் தொகுப்புகளிலும் இதே கதைதான். நிரல் எழுதியவர், படம் வரைந்தவர், நிறுவனம், நாடு எதுவும் இல்லாமல், 'டாங்கி' என்ற பொதுச்சொல்லாக அது இங்கே வந்து சேர்ந்தது. நகல்கள் இல்லையென்றால் லைன் வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைத்திருக்காது என்பது உண்மை. செய்தவரின் பெயர் ஒரு தலைமுறைக்குத் தெரியாமல் போனதும் அதே நகல்களால்தான்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் மேல்நிலை மாணவர்களுக்கும் மடிக்கணினிகள் கிடைத்தன. பழைய கருவிகளைப்போல நடிக்கும் முன்மாதிரி நிரல் ஒன்றைப் பதிவிறக்கி, அதில் டாங்கியை ஓட்டிக் காட்டினான் ஒரு மாணவன். அது திருத்தப்படாத மூலப் பதிப்பு. தொடக்கத் திரையின் அடியில் நாம்கோவின் பெயரும், அதோடு 1980, 1985 என இரண்டு ஆண்டுகளும் இருந்தன. "ஒரே கேமுக்கு ஏன் சார் ரெண்டு வருஷம்?" என்று கேட்டான். 'டேங்க் பட்டாலியன்' பற்றி அப்போது நான் படித்திருக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி, அன்று மாலை தேடத் தொடங்கினேன்.